பச்சிளங்குழந்தை இருக்கும் வீட்டுக்குத் துணை போகிறவர்களுக்கு

இரவு 11.30 மணிக்கு வரும் அழைப்புகளில் நான் அதிகம் கேட்டது இதைத்தான்: "பால் பத்தலைக்கா."

பால் கொடுக்கும் தாய்மாருக்குத் துணை நிற்கும் குழுவில் சேர்ந்த புதிதில், இதைக் கேட்டதுமே தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடுவேன். இப்படிப் பிடி, அப்படி உட்கார், இன்னும் அடிக்கடி கொடு என்று அடுக்குவேன். மறுமுனையில் "சரிக்கா, சரிக்கா" என்று குரல் தேய்ந்துகொண்டே போகும். ஒரு நாள் அப்படி அரைமணி நேரம் பேசி முடித்த பிறகுதான், குழந்தை எத்தனை தடவை ஒன்றுக்குப் போனது என்று கேட்கத் தோன்றியது. 7 டயப்பர் நனைந்திருந்தது. பால் போதுமான அளவுக்கு இருந்தது. அந்தப் பெண்தான் காலையிலிருந்து சாப்பிடவில்லை. குழந்தையை வாங்கிக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை. நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதை.

நீங்கள் கணவராக இருக்கலாம், பாட்டியாக, அத்தையாக, தோழியாக, பக்கத்து வீட்டுக்காரராக, இப்போதுதான் ஒரு குழுவில் பெயர் கொடுத்த தன்னார்வலராக இருக்கலாம். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. பேசுவதற்கு முன் பார்க்கப் பழகினால் போதும். குழந்தையைப் பாருங்கள், தாயைப் பாருங்கள், அந்த வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். சொல்ல வேண்டியதில் பாதி அதிலேயே தெரிந்துவிடும். மீதிப் பாதியைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதல் படி: பிரசவத்துக்கு முன்பே ஒரு மாலை

எட்டாம் மாதத்தில் ஒரு மாலை அந்த வீட்டில் போய் உட்காருங்கள். தம்பதி இருவரும் இருக்க வேண்டும். உடன் இருந்து கவனிக்கப்போகிற பெரியவர் யாரோ அவரும் இருந்தால் நல்லது. பாடம் நடத்த வேண்டாம். யார் சமைப்பார்கள், யார் துணி துவைப்பார்கள், மூத்த பிள்ளை இருந்தால் அதை யார் பார்த்துக்கொள்வார்கள், ராத்திரி 2 மணிக்கு அழுதால் யார் எழுந்து குழந்தையைத் தூக்கித் தாயிடம் தருவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "எல்லாரும் பார்த்துக்குவோம்" என்று பதில் வந்தால், யாருமே பார்க்கப்போவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் எழுதி முடிக்கும்வரை எழுந்து வராதீர்கள்.

கணவர்மார் பலர் இந்த இடத்தில், "பால் கொடுக்கிற வேலையில் நான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பார்கள். குழந்தையைத் தூக்கி வந்து தருவது, கொடுத்து முடிந்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் வரவைப்பது, டயப்பர் மாற்றுவது, தாயின் கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீர் வைப்பது எல்லாம் அவர் வேலை. பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே பேசி அனுப்புவதும் அவர் வேலைதான். இந்தக் கடைசி வேலையை அவரைத் தவிர யாராலும் செய்ய முடியாது. "டாக்டர் ரெண்டு வாரம் யாரும் வர வேணாம்னிருக்கார்" என்று அவர் சொன்னால் எடுபடுவதுபோல், பச்சை உடம்புக்காரி சொன்னால் எடுபடாது.

மருத்துவமனையில் கேட்டுவைக்க வேண்டியவையும் உண்டு. பிறந்ததும் குழந்தையைத் தாயின் மார்பில் போடுவார்களா? சிசேரியன் ஆனாலும் போடுவார்களா? தாயும் குழந்தையும் ஒரே அறையில் இருக்கலாமா? தாயைக் கேட்காமல் புட்டிப்பால் கொடுப்பார்களா? உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தாய்ப்பாலூட்டலுக்காக மருத்துவமனைகளுக்கென 1989இல் வெளியிட்டு 2018இல் திருத்திய பத்துப் படிகளில் இவையெல்லாம் இருக்கின்றன. அதனால் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அதே பட்டியலின் பத்தாவது படி, வீடு திரும்பும் தாய்க்குத் தொடர்ந்து உதவி கிடைக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. நீங்கள் போவது அந்த இடத்துக்குத்தான்.

இரண்டாம் படி: முதல் மூன்று நாளில் அவசரப்படாமல் இருப்பது

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் பால் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. குழந்தையைத் துடைத்துத் தாயின் வெற்று மார்பில் கவிழ்த்துப் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்திவிட்டால் குழந்தையின் சூடும் மூச்சும் இதயத் துடிப்பும் சீராகும். கொஞ்ச நேரத்தில் அதுவே தலையை ஆட்டிக் காம்பைத் தேடும். 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் திணறிய மருத்துவர்கள் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு கட்டி வைக்கத் தொடங்கினார்கள். கங்காரு முறை என்று இன்று உலகம் முழுக்கச் செய்வது அதைத்தான். சிசேரியனால் முதல் மணி நேரம் தவறிப்போனால் எதுவும் கெட்டுவிடாது. எப்போது முடிகிறதோ அப்போது தொடங்கலாம். தாயால் முடியாத நேரத்தில் தகப்பன் மார்பிலும் போடலாம்.

முதலில் வருவது சீம்பால். ஒரு தடவைக்குத் தேக்கரண்டி அளவோ அதைவிடக் கொஞ்சம் கூடவோதான் இருக்கும். அந்த வயிற்றுக்கு அவ்வளவு போதும். பிறந்து 2 முதல் 4 நாளுக்குள் மார்பு கனத்துப் பால் பெருகும். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடம்பில் ஒரு ஹார்மோன் சரிவதால் நடப்பது இது. அதன் பிறகு, எடுக்க எடுக்க ஊறும். காலி செய்யாத மார்பில் சுரப்பு தானாகக் குறைந்துவிடும். "கொஞ்ச நேரம் விட்டா பால் சேரும்" என்று நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் நடப்பது நேர்மாறு.

இரண்டாவது ராத்திரியைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதல் நாள் தூங்கித் தூங்கி விழுந்த குழந்தை, இரண்டாம் ராத்திரி விழித்துக்கொண்டு மணிக்கு மணி மார்பைக் கேட்கும். இறக்கி விட்டால் அழும், எடுத்தால் குடிக்கும், மறுபடி இறக்கினால் மறுபடி அழும். பெரும்பாலான வீடுகளில் புட்டி உள்ளே வருவது அன்றைக்குத்தான். முன்பே தெரிந்த வீட்டில், "அவங்க சொன்ன ராத்திரி இதுதான் போல" என்று ஆளுக்கொரு முறை எழுந்து சமாளித்துவிடுவார்கள். நான் பார்த்தவரை, ஒரு துணையாளர் முன்கூட்டிச் சொல்லி வைப்பதற்கு இதைவிடப் பயனுள்ள செய்தி இல்லை.

மருத்துவக் காரணத்துக்காகக் கூடுதல் பால் தேவை என்று மருத்துவர் சொன்னால், தாயின் பாலையே பீய்ச்சிக் கரண்டியிலோ சிறு கிண்ணத்திலோ கொடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாதபோது மற்றது. அப்போது அந்தத் தாயின் முகத்தில் குற்ற உணர்வு தெரிந்தால் அதைத் துடைப்பதும் உங்கள் வேலையே.

மூன்றாம் படி: குழந்தை அழுவதற்கு முன் பேசுவதைப் படிப்பது

கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லவில்லை. ஆனால் முதல் வாரங்களில் குழந்தைதான் கடிகாரம். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் கேட்பது சாதாரணம். சில மாலைகளில் அரைமணிக்கொரு தரம் கேட்கும்.

தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். மூடிய இமைக்குள் கண் உருளும். உதடு லேசாகச் சப்புக்கொட்டும். தலை ஒரு பக்கம் திரும்பும், வாய் திறக்கும், திறந்தபடியே எதையோ தேடும். இதுதான் அழைப்பு. யாரும் வரவில்லை என்றால் உடம்பை முறுக்கும், முஷ்டியை வாய்க்குக் கொண்டுபோகும், கால்களை உதைக்கும். அதற்கும் யாரும் வரவில்லை என்றால்தான் அழும், முகம் சிவக்கும், நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் மார்பில் வைத்தால் பிடிக்காது. முதலில் மார்போடு அணைத்து, மெல்லப் பேசி, அமைதியானதும் கொடுக்க வேண்டும். "அழுதாத்தான் பால்" என்று பழகிய வீடுகளில் தாயும் குழந்தையும் தினமும் மல்லுக்கட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தாமதம்தான்.

போதும் என்பதையும் அது சொல்லும். வந்தபோது இறுகியிருந்த முஷ்டி விரிந்து கை தொங்கும், காம்பைத் தானே விடும், முகத்தைத் திருப்பும். அதன் பிறகு திணிக்க வேண்டாம்.

"தூக்கித் தூக்கிப் பழக்கிட்டா கையை விட்டு இறங்காது" என்ற பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் வரும். பிறந்த சில வாரக் குழந்தைக்கு அடம்பிடிக்கத் தெரியாது. கேட்டதும் ஒருவர் வருகிறார் என்பதைத்தான் அது கற்றுக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்புச் சட்டகத்தில், நல்ல உடல்நலம், சத்தான உணவு, பாதுகாப்பு, ஆரம்பக் கற்றல் ஆகியவற்றோடு சேர்த்து வைக்கப்பட்ட ஐந்தாவது தூண், குழந்தையின் குறிப்பறிந்து நடப்பது.

எல்லா அழுகையும் பசியல்ல. ஈரம், சூடு, குளிர், ஏப்பம், அதிகச் சத்தம், வெறுமனே ஓர் அணைப்பு என எதுவாகவும் இருக்கலாம். எல்லாம் பார்த்த பிறகும் அழுதால்? அழுகை பொதுவாக 6 வார வாக்கில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் தணியும். அதுவரை ஆள் மாற்றி ஆள் தூக்குவதற்குத்தான் துணை. யாரும் இல்லாமல் தாய்க்கு ஆத்திரம் பொங்கினால், குழந்தையைச் சமமான, பத்திரமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய் ஐந்து நிமிடம் மூச்சு வாங்கலாம். குழந்தையை ஒருபோதும் குலுக்கக் கூடாது, மூளையில் ரத்தம் கசியும். இதை மெதுவாக, ஆனால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

கேட்காமலே தூங்கும் குழந்தையைத்தான் எழுப்ப வேண்டும். மஞ்சள் காமாலை உள்ள குழந்தை, குறைமாதக் குழந்தை, பிறந்த எடையை இன்னும் எட்டாத குழந்தை ஆகியோரை 3 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். துணியைத் தளர்த்தி, உள்ளங்காலைத் தடவி, மார்போடு வைத்தால் விழிக்கும்.

நான்காம் படி: பால் கொடுக்கும்போது பக்கத்தில் உட்காருவது

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்ததும் புதியவர்கள் அதிகம் தடுமாறுவதும் இதுதான். முதல் விதி, கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். தாயின் மார்பை நீங்கள் பிடித்துக் குழந்தையின் வாயில் திணித்தால் அந்த ஒரு வேளை நடக்கும், அடுத்த வேளை அவள் தனியாக இருப்பாள். "நான் பக்கத்தில உட்காரலாமாம்மா?" என்று கேட்டு, சரி என்றால் மட்டும் உட்காருங்கள்.

முதலில் தாய் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாளா என்று பாருங்கள். தோள் காதுவரை ஏறியிருந்தால் முதுகுக்கும் முழங்கைக்கும் கீழே தலையணை தேவை. பிறகு குழந்தை. அதன் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு உங்களால் தண்ணீர் குடிக்க முடியாது, குழந்தையாலும் முடியாது. மூக்குக்கு நேராகக் காம்பு வரட்டும். தலைக்குப் பின்னால் கை வைத்து அழுத்தாமல், கழுத்தடியையும் தோள்களையும் தாங்கச் சொல்லுங்கள். காம்பு மேலுதட்டில் உரசியதும் குழந்தை தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கொட்டாவி விடுவதுபோல் வாயைப் பெரிதாகத் திறக்கும். அந்த நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். திறந்ததும், தாடை முதலில் மார்பில் படும்படி குழந்தையை அணைக்க வேண்டும். தாய் குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோனால் பத்து நாளில் முதுகு போய்விடும்.

சரியாகப் பிடித்திருந்தால் உங்களுக்கே தெரியும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் கீழே அதிகம் உள்ளே போய், மேலே கொஞ்சம் தெரியும். கன்னம் குழியாமல் உருண்டிருக்கும். முதலில் வேகமாகச் சப்பி, பால் இறங்கியதும் நீளமாக இழுத்து, நிறுத்தி, விழுங்கும். அமைதியான அறையில் அந்த விழுங்கும் மெல்லிய ஓசை காதில் விழும். அதை முதன்முதலில் கேட்டதும் தாயின் தோள் தானாக இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தொடக்க நாட்களில் முதல் சில நொடி சுருக்கென்று இருப்பதுண்டு. கொடுத்து முடிக்கும்வரை வலித்தால் பிடி ஆழமாக இல்லை. குழந்தை விட்ட பிறகு காம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். உருண்டையாக இருந்தால் சரி. புது லிப்ஸ்டிக் முனைபோல் ஒரு பக்கம் சரிந்து நசுங்கியிருந்தால், குழந்தை காம்பை மட்டும் சப்பியிருக்கிறது. அப்படி வலிக்கும்போது இழுத்துப் பிடுங்காமல், சுத்தமான சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியைத் தளர்த்தி, மறுபடி தொடங்கலாம். இரண்டு மூன்று நாள் முயன்றும் புண் ஆறவில்லை என்றால், பயிற்சி பெற்ற பாலூட்டல் ஆலோசகரிடமோ குழந்தை மருத்துவரிடமோ அனுப்புங்கள். நாக்கின் அடிச்சவ்வு இறுகியிருப்பது போன்றவற்றை அவர்கள்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

உட்கார்ந்துதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. சிசேரியன் தையல் உள்ளவர்களுக்கு, குழந்தையைக் கைக்கு அடியில் பக்கவாட்டில் இடுக்கிக்கொள்வது சுலபம். ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம். தூக்கக் கலக்கத்தோடு சோபாவில் சாய்ந்து கொடுப்பது மட்டும் ஆபத்து. அங்கே தூங்கிவிட்டால் குழந்தைக்கு மூச்சு முட்டும்.

ஐந்தாம் படி: பால் போதுமா என்று எண்ணிப் பார்ப்பது

உள்ளே எத்தனை மில்லி போனது என்று பார்க்க முடியாது. வெளியே வருவதை எண்ணலாம். குறைந்தது முதல் நாள் ஒரு டயப்பர், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று நனைய வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் 6 அல்லது அதற்கு மேல். மலம் முதலில் தார்போல் கறுப்பாக இருக்கும், பிறகு பச்சையாகும், 4, 5 நாளில் மஞ்சளாக இளகி வரும். ஐந்தாம் நாளிலும் கறுப்பாகவே இருந்தால் குழந்தையை அன்றைக்கே காட்ட வேண்டும்.

எடை முதல் சில நாளில் குறைவது இயல்பு. 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, 2 வாரம் ஆகியும் பிறந்த எடை திரும்பவில்லை என்றாலோ மருத்துவர் பார்த்தாக வேண்டும். அதன் பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நிம்மதி.

மார்பு தளர்ந்திருப்பது, பம்பில் கொஞ்சமாக வருவது, குழந்தை அடிக்கடி கேட்பது, மாலையில் சிணுங்குவது எதுவும் பால் குறைவுக்கு அடையாளம் அல்ல. இரவு 11.30 அழைப்பில் நான் இப்போது முதலில் கேட்பது மூன்றே கேள்வி: இன்று எத்தனை டயப்பர்? கடைசியாக எப்போது எடை பார்த்தீர்கள்? நீங்கள் சாப்பிட்டீர்களா?

எண்ணிக்கை உண்மையிலேயே குறைந்தால் "பயப்படாதே" என்று சொல்லி மூடி மறைக்கக் கூடாது. அது அன்பாகாது.

கீழே உள்ளவற்றைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இதில் எது தெரிந்தாலும் வீட்டு யோசனை எதுவும் வேண்டாம், நேரே மருத்துவமனைக்குத்தான்: குழந்தை பால் குடிக்க மறுக்கிறது அல்லது எழுப்பினாலும் எழவில்லை, உடம்பு சுடுகிறது (38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல்) அல்லது தொட்டால் சில்லென்று இருக்கிறது, அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்குகிறது, நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்கிறது, வலிப்பு வருகிறது, முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிகிறது, அல்லது எப்போதாவது உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகின்றன. தாய்க்கு: ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனையும் ரத்தப்போக்கு, காய்ச்சல், கடுமையான தலைவலியோடு கண் மங்குவது, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல்.

இன்னொன்று. முதல் 6 மாதம் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தண்ணீரும் வேண்டாம், வெயில் காலத்திலும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். 6 மாதத்துக்குப் பிறகு மற்ற உணவோடு 2 வயதுவரையோ அதற்கு மேலோ தாய்ப்பால் தொடரலாம்.

பால் கட்டிக்கொண்டால்

மூன்றாம், நான்காம் நாளில் மார்பு கல்லாக இறுகும். கொடுப்பதற்கு முன் கருவளையத்தைச் சுற்றி விரல் நுனியால் மெல்ல அழுத்தி இளக்கினால் குழந்தைக்குப் பிடி கிடைக்கும். கொடுத்த பிறகு குளிர்ந்த துணி ஒத்தடம் இதமாக இருக்கும். கட்டியை அழுத்தித் தேய்க்க வேண்டும், பம்ப் வைத்துச் சொட்டு மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும் என்று நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அது தவறு. அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்ற மருத்துவர் அமைப்பு 2022இல் தன் வழிமுறையைப் புதுப்பித்தது. முரட்டுத்தனமாகத் தேய்ப்பது வீக்கத்தைக் கூட்டும், தேவைக்கு மேல் எடுப்பது சுரப்பை இன்னும் தூண்டும் என்று அது சொல்கிறது. குழந்தை கேட்கிற அளவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். ஒரு பக்கம் சிவந்து ஒரு நாளில் தணியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்; காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் காத்திருக்கவே வேண்டாம். அப்போதும் அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை.

பெரியவர்களைக் கூட்டாளியாக்குவது

துணைக்குப் போகிற புதியவர்கள் பலர், வீட்டில் இருக்கும் மாமியாரையோ அம்மாவையோ எதிரியாக நினைத்துவிடுகிறார்கள். நானும் அப்படி நினைத்தவள்தான். ஒரு வீட்டில் பாட்டி, பால் கொடுத்து முடிந்த ஒவ்வொரு தடவையும் "இன்னும் பசிக்குது பாரு, புட்டி கொடு" என்றார். மருமகள் அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள். பாட்டியிடம், "நீங்க உங்க பிள்ளைங்களுக்குப் பால் கொடுத்தப்ப யாரு கூட இருந்தாங்கம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, யாரும் இல்லை என்றார். பால் வற்றிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்களாம், நாற்பதாம் நாளே நிறுத்திவிட்டாராம். அந்தப் பயம்தான் அவர் வாயில் புட்டியாக வந்துகொண்டிருந்தது. டயப்பர் எண்ணும் தாளையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்தேன். அடுத்த வாரம் போனபோது, "நேத்து எட்டு!" என்று வாசலிலேயே சொன்னார்.

பேச்சைப் பொறுத்தவரை எளிய வழி ஒன்று உண்டு. அறிவுரையாக வருவதைக் கேள்வியாக மாற்றுங்கள். "அடிக்கடி கொடும்மா" என்பதற்குப் பதில், "நேற்று ராத்திரி எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள். "கவலைப்படாதே" என்பதற்குப் பதில், "ரொம்பக் களைப்பா இருக்குமே" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அவளே பேசுவாள். ஒரு வருகையில் ஒரு யோசனைக்கு மேல் சொல்லாதீர்கள். தூக்கமில்லாதவளுக்கு இரண்டாவது நினைவில் நிற்காது.

போகும்போது வெறுங்கையோடு போய் "குழந்தையைக் கொடு, நீ வேலையைப் பாரு" என்று சொல்வதைவிட, பாத்திரத்தைக் கழுவிவிட்டு வருவது பெரிய உதவி. வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தை அவளிடமே இருக்கட்டும்.

தாயின் மனம்

பிரசவமான சில நாளில் காரணமில்லாமல் கண் கலங்குவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாகத் தெளியும். அதைத் தாண்டியும் எதிலும் ஒட்டாமல் இருப்பது, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் கிடப்பது, "நான் இல்லாம இருந்தா இதுக்கு நல்லது" போன்ற பேச்சு எல்லாம் உதவி தேவை என்பதற்கு அடையாளம். எடின்பரோ அளவுகோல் என்று 1987இல் வந்த 10 கேள்விப் படிவம் ஒன்று உண்டு. பல மருத்துவமனைகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், கேட்டால் கொடுப்பார்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். பெரும்பாலான மன அழுத்தச் சிகிச்சைகளோடு தாய்ப்பாலும் கொடுக்கலாம். எந்த மருந்து என்பதை மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

முழுதும் புட்டிப்பாலுக்கு மாறிய வீட்டுக்கும் போவதை நிறுத்தாதீர்கள். அங்கேயும் குழந்தையின் குறிப்பறிந்து, மடியில் வைத்து, கண் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பவுடர் பாலைக் கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுமுன் கலந்து, பிறகு உடம்புச் சூட்டுக்கு ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லித் தர ஓர் ஆள் அங்கேயும் வேண்டும்.

குழுவாகக் கூட நினைத்தால்

1956இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 7 தாய்மார்கள் ஒரு வீட்டில் கூடிப் பேசத் தொடங்கியதுதான், பின்னால் பல நாடுகளுக்குப் பரவிய லா லேச்சே லீக் என்ற தாய்ப்பால் ஆதரவு அமைப்பு ஆனது. பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம், ஒரே இடம், ஒரே நாள் போதும். தரையில் பாய் விரித்து வட்டமாக உட்காருங்கள். மூத்த பிள்ளைகளையும் கூட்டி வரலாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர் வர முடியாது. கர்ப்பிணிகளையும் அழையுங்கள். பிறந்த பிறகு கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, முன்பே ஒருத்தி பால் கொடுப்பதைப் பக்கத்தில் பார்த்திருப்பது நல்லது.

இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். அங்கே பேசியது அங்கேயே நிற்க வேண்டும். படம் எடுப்பதும் மற்றவரிடம் சொல்வதும் கூடாது. அடுத்து, பால் பவுடர், புட்டி விற்கும் நிறுவனங்களின் மாதிரிப் பொட்டலமோ பரிசோ பண உதவியோ வாங்கக் கூடாது. 1981இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட விற்பனை நெறிமுறை இதற்காகவே வந்தது. ஒரு முறை வாங்கிவிட்டால், அதன் பிறகு தாய் உங்கள் சொல்லை நம்ப மாட்டாள்.

வேலைக்குத் திரும்பும் தாய்க்கு

திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, நாளுக்கு ஒரு தடவை பால் எடுத்துப் பழகச் சொல்லுங்கள். காலையில் குழந்தை குடித்த பிறகு எடுப்பது பலருக்கு வசதி. எடுத்த பாலை 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள், ஃபிரீசரில் 6 மாதம்வரை வைக்கலாம். வெக்கை அதிகமான இடத்தில் வெளியே வைக்காமல் உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுவதே நல்லது. ஒவ்வொரு பாட்டிலிலும் தேதி எழுதுங்கள். உறைந்ததை ஃபிரிட்ஜில் இளக்கி 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. சூடு வேண்டுமென்றால் வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்தினால் போதும். மைக்ரோவேவில் வைத்தால் ஓர் இடம் கொதித்து இன்னோர் இடம் சில்லென்று இருக்கும், நாக்கு சுட்டுவிடும்.

ஒரு மாதம் முதல் 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கும். அதைக் குழந்தை குடிக்கும் தடவைகளால் வகுத்தால், ஒரு வேளைக்கு எவ்வளவு விட்டுப் போக வேண்டும் என்று கிடைக்கும். பார்த்துக்கொள்பவரிடம், குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, பாட்டிலைக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் பிடித்து, நடுநடுவே நிறுத்தி நிறுத்திக் கொடுக்கச் சொல்லுங்கள். முகத்தைத் திருப்பினால் மிச்சத்தைத் திணிக்காமல் விடச் சொல்லுங்கள். மிச்சமிருப்பது 2 மணி நேரத்துக்குள் பயன்படாவிட்டால் கொட்டிவிட வேண்டும். அதனால் முதலில் சிறு சிறு பாட்டிலாக 60 மில்லி வீதம் ஊற்றி வைப்பது வீணாவதைக் குறைக்கும். தாய் வீடு திரும்பும் நேரத்துக்குச் சற்று முன் பசியோடு இருந்தால், வயிறு முட்டக் கொடுக்காமல் கொஞ்சமாகக் கொடுத்துச் சமாளிக்கட்டும். வந்ததும் அவள் கை கால் கழுவிக்கொண்டு உட்கார ஓர் இடமும், பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரும் தயாராக இருக்கட்டும்.